விரல் அசைய வேண்டிய நேரம்

“என்னை எழுப்பி விடுங்க சார், படுத்துப் படுத்து முதுகே போச்சு” என்று போன வாரம் டைரக்டர் முன்னால் போய் நின்ற நம் நடிகருக்கு ஒருவழியாக நல்ல காலம் பிறந்துவிட்டது. முப்பத்தோரு எபிசோடாகக் கோமாவில் கிடக்கும் அப்பா இன்று விரலை அசைக்கிறார். நாளைக்குக் கண் திறந்து மூன்று பக்கம் வசனம் பேசுகிறார். டைரக்டரே வாக்குக் கொடுத்துவிட்டார்.

சீரியலில் ஒரு வாக்கு எத்தனை நாள் தாங்கும் என்று இருபத்தாறு வருடமாக இதில் இருக்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனுஷன் நம்பினார்.

அவர் போடாத வேஷம் இல்லை. இரட்டைச் சகோதரர்களில் நல்லவனும் அவரே, கெட்டவனும் அவரே. நான்கு வருடம் நீதிபதியாக இருந்தார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் இன்றும் ‘ஜட்ஜ் ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறார். கண் தெரியாத பியானோ வாத்தியாராக ஆறு மாதம் கண்ணை மூடிக்கொண்டே நடித்து விருது வாங்கினார். அப்போது காது இருந்தது.

இப்போது இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது முக்கால்வாசி. இரண்டு வருடமாக வீட்டில்கூட மூச்சு விடவில்லை. மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டரிடம், “மெஷின் மாட்டின மூஞ்சிக்கு அப்பா வேஷம் தரமாட்டாங்க டாக்டர், தாத்தா வேஷம்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டுகிறார்.

இந்த ரகசியத்தை மகள் கண்டுபிடித்துவிட்டாள். அதே சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள் அவள். ஓரமாக நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் வரியை மாற்றிச் சொல்லியும், அப்பா பழைய வரியையே பேசிக்கொண்டு போனதை ஒரு நாள் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. நேராக டைரக்டரிடம் போனாள். “அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். பேச்சே இல்லாம, கோமா மாதிரி ஏதாவது வெச்சுக்கலாமா?” என்று கேட்டாள்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

அப்பாவுக்கு இது தெரியாது. கதைக் குழுவில் எவனோ தன் மேல் உள்ள காழ்ப்பில் படுக்க வைத்துவிட்டதாக முப்பத்தோரு எபிசோடாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

காலை ஆறு மணி. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பின் முன்னால் நின்று மனைவி சீன் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மகன் பாத்திரம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும் வசனம். அது முடிந்ததும் விரல் அசைய வேண்டும்.

“முடிச்சிட்டியா இல்லையா?”

“எப்பவோ முடிச்சாச்சு.”

“இந்தப் பக்கம் திரும்பிப் படின்னு எத்தனை தடவை சொல்றது?”

மனைவி திரும்பினார். “ஏன், வசனம் என் மூஞ்சிலயா எழுதியிருக்கு? பால் பொங்கப் போகுது.”

இன்னொரு முறை படிக்க வைத்தார். முடிந்ததும் கையைத் தூக்கச் சொன்னார். பேப்பர் ஓரத்தில் ‘ஒரு நிமிடம் நாற்பது’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டார். மனசுக்குள் நூறு வரை எண்ணினால் சரியாக இருக்கும்.

“குழாய் ஒழுகுதுன்னு மூணு நாளா கத்தறேன். ஆள் வரச் சொன்னீங்களா?”

மனைவி இதை அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

“பார்த்தியா, பார்த்தியா?” என்று மனைவி மகளிடம் ஆரம்பித்தார். “சுவர்கிட்ட சொன்னாக்கூட எதிரொலியாவது வரும். அங்க அந்தம்மா வாயைத் திறந்தா மட்டும் வெச்ச கண்ணு வாங்காம கேட்டுக்குவாரு.”

அந்தம்மா என்பது சீரியல் மனைவி. பதினோரு வருடத்தில் மூன்று சீரியல்களில் இவருக்கு மனைவியாக நடித்தவர். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் “உங்க வீட்டம்மா சௌக்கியமா?” என்று அவரைத்தான் விசாரிப்பார்கள், பக்கத்தில் நிஜ வீட்டம்மா பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே.

“விடும்மா” என்றாள் மகள்.

“நீ பேசாதே. நீயும் அவர் கட்சி.”

மகள் தலையைக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நாளைக்கு அப்பா நல்லபடியாக எழுந்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடுவதில் அவள் அப்பாவுக்குச் சளைத்தவள் அல்ல.

ஷூட்டிங் ஒரு வாடகை பங்களாவில். மாடியில் பணக்கார வீடு, கீழே வக்கீல் ஆபீஸ், பின்கட்டுச் சாமான் அறையில் ஆஸ்பத்திரி. இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் திரை ஒன்றில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை யாரும் அணைப்பதில்லை. அந்த அறையில் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் வேலை பார்ப்பது அது ஒன்றுதான்.

அவர் வந்ததும் தேடியது சீரியல் மனைவியைத்தான்.

“மேடம் இன்னைக்கு வேற ஷூட்டிங் சார். அதான் பொண்ணு அவங்க இல்லாம சீனை எழுதிடுச்சே” என்றார் மேனேஜர். “மருந்து வாங்கப் போயிருக்காங்கன்னு ஒரு வரி. வேலை முடிஞ்சுது.”

அவர் மேனேஜரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஏன் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கண்ணை மூடிப் படுத்துவிட்டால் யார் உதட்டைப் பார்ப்பது? ‘ஆக்‌ஷன்’ சொன்னதும் தெரியாது, ‘கட்’ சொன்னதும் தெரியாது. முதல் நாள் படுக்கையிலேயே இது சீரியல் மனைவிக்குப் புரிந்துபோனது. அன்று முதல் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பெண்மணி, ‘ஆக்‌ஷன்’ என்றால் ஒரு முறை, ‘கட்’ என்றால் இரண்டு முறை அமுக்குவார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. முப்பத்தோரு எபிசோடு அந்த ஒரு கையில்தான் ஓடியது.

இன்று அந்தக் கை இல்லை. மகள் எழுதிய சீனில் சீரியல் மகன் ஜன்னலோரம் நிற்கிறான். கட்டில் பக்கமே வருவதில்லை.

“தம்பி, கட்டில்ல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசேன். உருக்கமா இருக்கும்” என்று கேட்டுப்பார்த்தார்.

“ஜன்னல்லதான் சார் எனக்கு லைட்டிங் வெச்சிருக்காங்க” என்றான் அவன், போனைப் பார்த்தபடி.

லைட் போட்டால் மூடிய இமையிலும் தெரியும், அதிலிருந்து எண்ணிவிடலாம், நூறுதானே என்று படுத்தார்.

நூறு எண்ணி விரலை அசைத்தார். சீரியல் மகனோ பாதி வசனத்தில் விம்மிக்கொண்டு நின்றான். வீட்டில் அடுப்படியில் படித்ததற்கு விம்மல் ஏது?

“சார், முன்னாடியே அசைச்சிட்டீங்க! ‘மன்னிச்சிடுங்கப்பா’ன்னு சொன்னப்புறம்தான் அசையணும்” என்று டைரக்டர் முகத்துக்கு நேராக வந்து சொன்னார். அதனால் புரிந்தது.

இரண்டாவது டேக்கில் நூற்று முப்பது எண்ணினார். சீரியல் மகன் இந்த முறை விம்மலைக் குறைத்துவிட்டான். வசனம் முடிந்து எல்லோரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். “விரல்!” என்றார் டைரக்டர். “விரல் சார், விரல்!” என்று கத்தினார். விரல் அசையவில்லை. ஓரத்தில் யாரோ சிரித்தார்கள்.

மகள் மானிட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்ன செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

மூன்றாவது டேக். பாதியிலேயே டைரக்டர் அலுத்துப்போனார். “கட். விரலைத் தனியா எடுத்துக்கலாம். சாப்பாட்டுக்குப் போங்க எல்லாரும்.”

லைட்டுகள் எரிந்தபடியே இருந்தன. ஆட்கள் கலைந்தார்கள். அவர் எண்ணிக்கொண்டு படுத்திருந்தார்.

மகள் ஓடிப்போய் எழுப்பியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் அப்பாவை உலுக்கி எழுப்ப அவளுக்குக் கால் வரவில்லை. அறை காலியாகட்டும் என்று காத்திருந்தாள். அறை காலியான நேரத்தில்தான் அது நடந்தது.

அவர் விரல் அசைந்தது. முதலில் சுண்டுவிரல் மட்டும், அதுவும் அசைந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. பிறகு மெல்ல உள்ளங்கை திறந்தது, எதையோ வாங்கிக்கொள்வதுபோல. மூடிய இமையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. தன் மகனை அந்த அப்பா மன்னித்துவிட்டார் என்பது பார்த்தவுடன் புரிந்தது. எழுதிய மகளே இதை எதிர்பார்க்கவில்லை. அவள் எழுதியது ‘விரல் அசைகிறது’ என்ற இரண்டு வார்த்தைதான்.

நடிப்பு என்றால் அது நடிப்பு. பார்க்கத்தான் ஆளில்லை. இல்லை, ஒரு ஆள் இருந்தார். வாசல் பக்கம் மேனேஜர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு அவர் கண் திறந்தார். காலி நாற்காலிகள் தெரிந்தன. அழுதுகொண்டு நிற்கும் மகள் தெரிந்தாள். டைரக்டர் கையில் தட்டோடு வந்து மேனேஜரிடம் பேசியது தெரிந்தது. டைரக்டர் இவருக்கு நேர் எதிரில்தான் நின்றார்.

“கொஞ்சம் மந்தம்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சு. கோமால போடலாம்னு ஐடியா குடுத்ததே அதுதான். இப்படி சுத்தமா கேக்காதுன்னு சொல்லவே இல்லையே.”

“மெதுவாப் பேசுங்க சார்.”

“எதுக்கு? அவருக்குத்தான் கேக்காதே.”

ஒரு எழுத்து விடாமல் அத்தனையும் அவர் வாங்கிக்கொண்டார்.

மேக்கப் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் அவள் உதடு தெரிந்தது.

“அப்பா...”

“யாரைக் கேட்டு என்னைப் படுக்க வெச்ச?”

“நீங்க வசனத்துல தடுமாறினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னுதான்ப்பா...”

“அதனால நீயே போய்ச் சொல்லிட்ட.”

அவர் இன்னொரு பஞ்சை எடுத்தார்.

“எனக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா இந்தக் கண்ணை வெச்சுத்தான் பொழைக்கிறேன். நீ அதை மூடச் சொல்லி எழுதிட்ட.” பஞ்சைக் கூடையில் வீசினார். “அந்தம்மா கையை அமுக்கலைன்னா முதல் நாளே என் மானம் சந்தி சிரிச்சிருக்கும். வேத்து மனுஷி. அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலை.”

“என்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே.”

“நீ என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பிக் கேட்டார்: “நாளைக்கு முழிக்கிற சீன் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“இருக்குப்பா.”

“மூணு பக்கமும் மனப்பாடம். கண்ணைத் தொறந்துட்டேன்னா போதும், அப்புறம் ஒருத்தன் சிரிக்க மாட்டான். என்னை நீ எழுப்பி மட்டும் விடு.”

அப்பா இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை.

மாலை ஆறு மணிக்கு இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. கையில் போன்.

“அந்தம்மா கூப்பிட்டாங்க” என்றார். முகத்துக்கு நேராகத்தான் பேசினார். “யூனிட் குரூப்ல ஏதோ வீடியோ வந்துச்சாம். எனக்கும் அனுப்பினாங்க. ‘நான் இருந்திருந்தா கையை அமுக்கியிருப்பேன்க்கா’ன்னு அழறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அவங்கதான் பொறுமையா எல்லாத்தையும் சொன்னாங்க. என் புருஷனுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு அவங்க சொல்றாங்க!”

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“ரெண்டு வருஷமா நான் யார்கூட சண்டை போட்டேன்? மதிக்க மாட்டேங்கறாரு, மதிக்க மாட்டேங்கறாருன்னு அழுதேனே, அது எதுக்கு? ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?” மகள் பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியும். இல்ல?”

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

“ஆக மொத்தம் இந்த வீட்ல நான்தான் வேடிக்கை பார்க்க வந்தவ. கேமரா முன்னாடி பொண்டாட்டியா நடிக்கிறவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை.”

“அவ என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவா” என்றார் அவர். “அதான் கண்டுபிடிச்சா. நீ அடுப்பைப் பார்த்துதான் பேசுவ.”

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை யார் திரும்ப எடுப்பது? மனைவி சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அப்போது மகளின் போன் அடித்தது.

டைரக்டர். மைக்கில் கத்திப் பழகிய குரல். காதிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் கேட்கும். பக்கத்தில் நின்ற மனைவிக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

“அந்த ஷாட் இருக்குல்லம்மா, யாருமில்லாதப்ப உங்கப்பா பண்ணினது? ரெண்டாவது கேமரா ஓடிட்டே இருந்திருக்கு. இப்பத்தான் பார்த்தேன். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. மனுஷன் இத்தனை வருஷத்துல இப்படிப் பண்ணினதே இல்ல. சேனலுக்கும் அனுப்பிட்டேன், ஆடிப்போயிட்டாங்க. அதனால மாத்திடறோம். விரல் அசையுது, கண்ணீர் வருது, அப்படியே மானிட்டர்ல கோடு நேராப் போயிடுது. ரொம்பப் பெரிய சாவு. இந்த வாரம் பூரா அதை வெச்சே ஓட்டிடலாம். ஏழரைக்குள்ள எழுதி அனுப்பிடு.”

“சார், அப்பா நாளைக்கு...”

“அவர் வர வேணாம்மா. ஷாட்தான் நம்மகிட்ட இருக்கே. அப்புறம், வேற யார்கிட்டயாவது எழுதி வாங்கிக்கவா? உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு.”

அவள் உதட்டையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இல்ல சார். நானே எழுதறேன்.”

“யாரு, டைரக்டரா? என்னவாம்?” என்றார் அப்பா.

மகள் திரும்பவில்லை. அவள் முதுகு குலுங்குவதை மறைக்க மனைவி நடுவில் வந்தார். கணவருக்கு நேர் எதிரில், விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டார்.

“நாளைக்கு உங்க சீன் இல்லையாம்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“தள்ளிப் போட்டுட்டானா? அப்போ நாளன்னைக்கா?”

மனைவி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அதுவும் நல்லதுதான். ஒரு நாள் கூடக் கிடைச்சுது.” பையைத் திறந்து மூன்று பக்கத்தையும் எடுத்தார். இவ்வளவு நேரம் தொங்கிப்போயிருந்த முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. “இப்பப் பேசினது தப்புதான். மனசுல வெச்சுக்காதே. இந்தா, மத்தவங்க வசனத்தை நீ படி. இங்க, எதிர்ல உக்காந்து.”

மகள் தன் அறைக்குள் போனாள். கதவை மூடவில்லை. மூடினாலும் மூடாவிட்டாலும் என்ன வித்தியாசம்? சிறிது நேரத்தில் உள்ளே கீபோர்டு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கூடத்தில் அது ஒருவர் காதில் மட்டும்தான் விழுந்தது.

மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார்.

“‘அப்பா... முழிச்சிட்டீங்களா அப்பா?’”

படிக்கும்போதே குரல் உடைந்து, பாதி வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. உதடு மட்டும் சரியாக அசைந்தது.

“நல்லாப் படிக்கிற” என்றார் அவர். “அடுத்தது.”